மறதி நோயின் காரணம் தேடிய வரலாறு



ஓர் ஆசிரியன் தன் வாழ்நாளில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை கூறுகிறான். கூறிய விடைகளுள் பெரும்பாலானவற்றை மறந்தும் விடுகிறான். ஆயின், கூறத் தவறிய விடை ஒன்று இருந்தால் அது அவன் நெஞ்சை விட்டு நீங்குவதில்லை. அத்தகைய கடன் ஒன்று எனக்கும் உண்டு. அதைத் தீர்க்கும் பொருட்டே இன்றைய பேச்சின் பொருளை நான் தேர்ந்துகொண்டேன்.

1990-களின் நடுப்பகுதியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூளையைப் பற்றிய பாடம். பாடநூலில் இல்லாத செய்தி ஒன்றைச் சொல்லி மாணவரை வியக்க வைக்கவேண்டும் என்ற ஆசை எனக்கு. “முதியோரை வாட்டும் அல்சைமர் என்னும் மறதி நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அமிலாய்ட் என்னும் புரதம் மூளையில் படிவதே காரணம். இன்னும் பத்தாண்டுகளில் மருந்தும் வந்துவிடும்” என்று, ஓர் அறிவியல் இதழில் படித்ததைத் திண்ணமாகச் சொன்னேன். மூன்றாம் வரிசையில் சன்னல் ஓரத்தில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, எரிந்துபோன வீட்டில் சாம்பல் இருக்கிறது. அதனால் சாம்பல்தான் வீட்டை எரித்தது என்று சொல்லலாமா?” என்று கேட்டான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். “பெரிய அறிஞர்கள் சொல்வதை மறுக்கும் அளவுக்கு நீ படித்துவிடவில்லை, உட்கார்” என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

அவன் கேட்ட அதே கேள்வி, அந்நாளில் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்களிலும் கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அக்கேள்வியின் வரலாறுதான் இந்நோயின் ஆராய்ச்சி வரலாறு. அதனைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

1901-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். ஜெர்மனி நாட்டின் பிராங்பர்ட் நகரிலிருந்த மனநோய் மருத்துவமனைக்கு, அகஸ்டே டெட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி அழைத்துவரப்பட்டார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். பெயர் என்ன என்று மருத்துவர் கேட்டார். அகஸ்டே என்றார் அப்பெண்மணி. குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் அகஸ்டே என்பதே விடை. கணவர் பெயரைக் கேட்டபோதும் அதே பெயரைத்தான் அவரால் சொல்ல முடிந்தது. தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் கூறியதையும் மருத்துவர் குறித்து வைத்தார். முதுமை வந்து சேராத வயதில் இத்தகைய மறதி ஏன் வந்தது என்னும் வினா அல்சைமரை விடவில்லை. பின்னர் அவர் மியூனிக் நகருக்குப் பணிமாறிச் சென்றார். 1906-ஆம் ஆண்டு ஏப்ரலில் அகஸ்டே இறந்தபோது, அவருடைய மூளை மியூனிக்குக்கு அனுப்பப்பட்டது.

மூளையை மெல்லிய சீவல்களாக அரிந்து, வெள்ளி உப்பினால் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார் அல்சைமர். இரண்டு மாறுபாடுகள் கண்ணில் பட்டன. நரம்பணுக்களுக்கு வெளியே, இன்னதென்று தெரியாத பொருள் ஒன்று சிறுசிறு திட்டுகளாகப் படிந்திருந்தது. நரம்பணுக்களுக்கு உள்ளேயோ, மெல்லிய இழைகள் சிக்குண்ட நூல்போல் முறுக்கிக் கிடந்தன. வெளியே படிவுத் திட்டு. உள்ளே நார்ச் சிக்கல். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நிகழ்ந்த வாதம் எல்லாம் இவ்விரண்டைச் சுற்றியே நிகழ்ந்தது.

1906-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ட்யூபிங்கன் நகரில் கூடிய மனநோய் மருத்துவர் மாநாட்டில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை எடுத்துரைத்தார். கேள்வி கேட்பார் ஒருவரும் இல்லை. அதே காலத்தில் பிராகா நகரில் ஆஸ்கார் பிஷர் என்னும் மருத்துவர், முதுமையில் அறிவு தளர்ந்து இறந்த பலருடைய மூளைகளில் இதே திட்டுகளைக் கண்டு 1907-இல் எழுதினார். ஆயினும், 1910-இல் எமில் கிரெப்பலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் அல்சைமரின் பெயரையே நோய்க்குச் சூட்டினார். அப்பெயரே நிலைத்தது. பிஷரை உலகம் மறந்தது. அவர் 1942-இல் நாசிகளின் தெரேசின் முகாமில் மாண்டார்.

பெயர் கிடைத்த பின்னரும் இந்நோய் அறுபது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. நடுவயதினருக்கு அரிதாக வரும் நோய் என்றே அதைக் கருதினர். முதியவர்க்கு வரும் மறதியோ, நரை திரையைப் போல முதுமையின் இயல்பு என்று தள்ளப்பட்டது. 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து அறிஞர்களான பிளெஸ்ஸெட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர் இக்கருத்தை அசைத்தனர். முதியவர்களின் மறதி உயிரோடிருந்தபோது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதையும், இறந்தபின் அவர்கள் மூளையில் எத்தனை திட்டுகள் இருந்தன என்பதையும் அவர்கள் ஒப்பிட்டனர். மறதி மிகுந்தவரிடம் திட்டுகளும் மிகுந்திருந்தன. 1976-இல் அமெரிக்க அறிஞர் ராபர்ட் காட்ஸ்மன், நடுவயதில் வருவதும் முதுமையில் வருவதும் ஒரே நோய்தான் என்று வாதிட்டு எழுதினார். அரிய நோய் என்று எண்ணியிருந்தது, இலட்சக்கணக்கானோரைக் கொல்லும் நோய் என்பது அதன்பின் தெளிவாயிற்று.

இனி மருந்தின் கதைக்கு வருவோம். 1960-இல் வியன்னா நகரில், நடுக்குவாத நோயாளரின் மூளையில் டோபமின் என்னும் பொருள் குறைந்திருப்பதைக் கண்டனர். அக்குறையை நிரப்பும் மருந்தைக் கொடுத்தபோது, கட்டையெனக் கிடந்தோர் எழுந்து நடந்தனர். மறதி நோயிலும் இவ்வாறு ஏதேனும் குறைகிறதா என்று தேடத் தொடங்கினர். 1974-இல் டிராக்மன், லெவிட் என்னும் இருவர், இளைஞர் சிலருக்கு ஸ்கோபோலமின் என்னும் பொருளைக் கொடுத்துப் பார்த்தனர். நம் ஊர் ஊமத்தையிலும் உள்ள பொருள் அது. ஊமத்தை தின்றவன் பிதற்றுவான் என்பதை நம் கிராமத்தார் அறிவர். அதனைக் கொண்ட இளைஞரின் நினைவாற்றல், சிறிது நேரத்துக்கு முதியவரின் நினைவாற்றல் போலத் தளர்ந்தது. நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை ஸ்கோபோலமின் தடுக்கிறது. 1976-ஐ ஒட்டி, அல்சைமர் நோயாளரின் மூளையில் அந்த அசிட்டைல்கோலினை ஆக்கும் நொதி வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் அறிஞர்கள் கண்டனர்.

புதிதாக ஆக்குவது அரிது. இருப்பதை அழியாமல் காப்பது எளிது. இவ்வடிப்படையில், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்துகள் பிறந்தன. 1993-இல் டாக்ரின் அமெரிக்காவில் இசைவு பெற்றது. அது கல்லீரலைத் தாக்கியமையால் பின்னர்க் கைவிடப்பட்டது. 1996-இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று ஆக்கிய டோனெபெசில் அங்கே இசைவு பெற்றது. இன்றும் மருத்துவர் பலர் எழுதிக் கொடுப்பது அதனைத்தான்.

அம்மருந்தின் பயனையும் எல்லையையும் நான் வீட்டிலேயே கண்டேன். தாயை இழந்த என்னை வளர்த்தவர் என் தமக்கையார். 2011-இல் அவர் வீட்டு வழியை மறந்தார். மருத்துவர் அம்மருந்தைக் கொடுத்தார். சில திங்கள் அவர் தெளிவாக இருந்தார். பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்தார். எங்களுக்குப் பெரும் நம்பிக்கை பிறந்தது. ஓராண்டுக்குப் பின் நோய் தன் வழியே சென்றது. ஒருநாள் மாலை அவர் எதிரில் அமர்ந்திருந்தேன். அவர் என்னையே பார்த்து, “தம்பி இன்னும் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லையே, சாப்பிட்டானோ இல்லையோ” என்றார். நான்தான் அந்தத் தம்பி என்பதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாய்ந்த கூரைக்கு முட்டுக் கொடுப்பது போன்றது அம்மருந்து. கூரையை அரிக்கும் கறையானை அது தொடுவதில்லை. கறையான் எது என்று கண்டால் அல்லவோ அதனைத் தொடமுடியும்?

அதைக் கண்டுவிட்டோம் என்ற நம்பிக்கை 1984-இல் பிறந்தது. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் ஜார்ஜ் கிளென்னர், கெய்ன் வாங் என்னும் இருவர், நோயாளரின் மூளையைச் சூழ்ந்த இரத்தக் குழாய்களிலிருந்து படிவுப் பொருளைப் பிரித்தெடுத்து, அது ஒரு சிறு புரதம் என்று காட்டினர். பீட்டா அமிலாய்ட் என்பது அதன் பெயர். மறு ஆண்டில், திட்டுகளில் உள்ளதும் அதே புரதம் என்று காணப்பட்டது. 1987-இல், அப்புரதத்தின் மூலத்தை ஆக்கும் மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. இங்கே ஒரு பொருத்தத்தைக் கவனியுங்கள். டவுன் நோய்க்குறி உடையவர்க்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்கு மாறாக மூன்று இருக்கும். அவர்களுள் ஏறக்குறைய எல்லார் மூளையிலும் நாற்பது வயதிற்குள்ளாகவே அமிலாய்ட் திட்டுகள் தோன்றிவிடுகின்றன. 1991-இல் இலண்டன் அறிஞர்கள், இளவயதிலேயே இந்நோய் தொடர்ந்து வந்த ஒரு குடும்பத்தில், அதே மரபணுவில் ஒரு பிழையைக் கண்டனர்.

இத்தனை சான்றுகளையும் ஒன்றுசேர்த்து, ஜான் ஹார்டி, ஜெரால்டு ஹிக்கின்ஸ் ஆகிய இருவர் 1992-இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். அமிலாய்ட் படிவதே முதல் நிகழ்ச்சி. நார்ச் சிக்கலும், நரம்பணுக்களின் சாவும், மறதியும் அதன் விளைவுகள் என்பது அக்கோட்பாடு. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வீழும் அருவி போன்றது நோய் என்றனர். நான் இதழில் படித்து வகுப்பில் முழங்கியது இதைத்தான். வெறும் ஊகமாக அது பிறக்கவில்லை. மரபியல் சான்று அதற்குத் தூணாக நின்றது. பிற்காலத்திலும், 2012-இல், அமிலாய்டைக் குறைக்கும் ஓர் அரிய மரபணு மாற்றம் உடைய ஐஸ்லாந்து மக்களை இந்நோய் எளிதில் அணுகுவதில்லை என்று காணப்பட்டது. இதனினும் வலிய ஆதரவு ஒரு கோட்பாட்டுக்குக் கிடைப்பது அரிது.

ஆயினும் மறுப்போர் இருந்தனர். நார்ச் சிக்கல் டௌ என்னும் வேறொரு புரதத்தால் ஆனது என்பது 1980-களில் தெரிந்திருந்தது. அகஸ்டே வாழ்ந்த அதே பிராங்பர்ட் நகரில், ஹெய்க்கோ பிராக், ஏவா பிராக் என்னும் தம்பதியர், நார்ச் சிக்கல் மூளையில் எங்கே தொடங்கி எவ்வழியே பரவுகிறது என்பதை 1991-இல் படிநிலைகளாக வகுத்தனர். சிக்கல் பரவப் பரவ மறதியும் பரவுகிறது. திட்டுகளின் எண்ணிக்கையோ மறதியோடு அவ்வளவு ஒத்துச் செல்வதில்லை. அவ்வாறாயின் குற்றவாளி டௌ அன்றோ என்று ஒரு சாரார் கேட்டனர்.

இவர்கள் பக்கம் மற்றொரு சான்றும் சேர்ந்தது. அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் என்னும் அறிஞர், 678 கன்னித்துறவியரை ஆண்டுதோறும் சோதித்து, இறந்தபின் அவர்களுடைய மூளையையும் ஆராய்ந்தார். அத்துறவியருட் பலர் நம்மைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். அவர்களுள் ஒருவர் 101 வயதுவரை வாழ்ந்தார். இறுதிவரை நினைவுத் தேர்வுகளில் நன்றாக விடை தந்தார். அவருடைய மூளையைத் திறந்து பார்த்தபோது திட்டும் சிக்கலும் நிறைந்திருந்தன. சாம்பல் இருந்தது; வீடு எரியவில்லை! மறதி இல்லாத முதியவர் பலருடைய மூளையிலும் அமிலாய்ட் படிந்திருக்கிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதி செய்தன.

வாதத்தை முடிக்க ஒரே வழிதான் உண்டு. அமிலாய்டை அகற்றிப் பார்க்கவேண்டும்; நோய் நின்றால் அது காரணம். 1999-இல் டேல் ஷென்க் என்பவரின் குழுவினர், அமிலாய்டுக்கு எதிரான தடுப்பூசியை எலிகளுக்குப் போட்டுத் திட்டுகளைக் குறைத்துக் காட்டினர். உலகமே எழுந்து உட்கார்ந்தது. ஆனால், மனிதர்மேல் நிகழ்ந்த சோதனை 2002-இல் நிறுத்தப்பட்டது; தடுப்பூசி பெற்றவருள் நூற்றுக்கு 6 பேருக்கு மூளை அழற்சி கண்டது. 2008-இல் அதனினும் கசப்பான செய்தி வந்தது. அத்தடுப்பூசி பெற்றுப் பின்னர் இறந்த சிலருடைய மூளையில் திட்டுகள் ஏறக்குறைய முற்றும் நீங்கியிருந்தன. ஆயினும் அவர்கள் முற்றிய மறதியிலேயே மாண்டிருந்தனர்.

அதன்பின் தோல்விகள் வரிசையாக வந்தன. அமிலாய்ட் உண்டாகாமல் தடுக்க முயன்ற செமகசெஸ்டாட் என்னும் மருந்து 2010-இல் கைவிடப்பட்டது; அதனை உண்டவர் நிலை உண்ணாதவர் நிலையினும் மோசமாயிற்று. பாப்பினியூசுமாப் 2012-இல் வீழ்ந்தது. சோலனெசுமாப் 2016-இல் வீழ்ந்தது. “நோய் முற்றியபின் கொடுத்தால் எப்படிப் பயன் தரும்? அணை உடைந்தபின் மதகை அடைத்து என்ன பயன்?” என்றனர் கோட்பாட்டினர். நியாயமான கேள்விதான். ஆகவே, மறதி தோன்றாத, ஆனால் மூளையில் அமிலாய்ட் படிந்திருந்த முதியவர்களுக்குச் சோலனெசுமாப் நான்கரை ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 2023-இல் வந்த முடிவு அதுவும் பயன் தரவில்லை என்பதே. அம்மருந்து படிந்த திட்டுகளை அகற்றும் வன்மை உடையதன்று. ஆதலால் அத்தோல்வியும் வாதத்தை முடித்துவிடவில்லை.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒரு கோட்பாடு பலகாலம் அரியணையில் இருந்தால், அதனை மறுப்போர்க்கு அவையில் இடம் குறைகிறது. வேறு காரணங்களைத் தேடிய அறிஞர் பலர், தங்கள் ஆய்வுக்குப் பொருளுதவி கிடைப்பதும் கட்டுரை வெளியாவதும் அரிதாயின என்று முறையிட்டனர். 2006-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒரு கட்டுரை, அமிலாய்டின் ஒரு தனி வடிவம் நினைவைக் கெடுக்கிறது என்று எலிகளைக் கொண்டு காட்டியது. ஆயிரக்கணக்கானோர் அதனை மேற்கோள் காட்டினர். அதன் படங்கள் திருத்தப்பட்டவை என்னும் ஐயத்தை 2022-இல் ‘சயன்ஸ்’ இதழ் வெளிப்படுத்தியது. 2024-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதனால் அமிலாய்டுக் கோட்பாடே பொய் என்று சிலர் ஆர்ப்பரித்தனர். அதுவும் தவறு. அக்கோட்பாட்டின் தூண்கள் மரபியல் சான்றுகள். அவை அக்கட்டுரைக்கு முன்பே நாட்டப்பட்டவை. ஒரு செங்கல் போலி என்பதால் மதில் முழுதும் போலி ஆகிவிடாது. ஆனால் மற்றச் செங்கற்களையும் தட்டிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டாகிறது.

2021-இல் வாதம் ஆய்வுக்கூடத்தை விட்டு வீதிக்கு வந்தது. பயோஜென் நிறுவனத்தின் அடுகானுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து திட்டுகளை அகற்றியது உண்மை. மறதியை அது தடுத்ததா என்பதில் இரண்டு பெருஞ்சோதனைகள் இருவேறு விடைகளைத் தந்தன. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆலோசகர் குழுவில் 11 பேர் இருந்தனர். பயனுக்குப் போதிய சான்று உண்டா என்னும் வினாவுக்கு 10 பேர் இல்லை என்றனர். ஒருவர் உறுதியாகச் சொல்ல இயலாது என்றார். உண்டு என்றவர் எவரும் இலர். அவ்வாறிருந்தும், 2021 ஜூன் திங்களில் நிருவாகம் இசைவு தந்தது. திட்டு குறைந்தால் பயன் விளையக்கூடும் என்பது அது கூறிய காரணம். ஆலோசகர் மூவர் பதவி விலகினர். முதலில் அறிவித்த விலை ஆண்டொன்றுக்கு 56,000 டாலர். மூன்றாவது வரிசை மாணவனின் கேள்வி அன்று நாளேடுகளின் முதற்பக்கத்துக்கு வந்துவிட்டது: சாம்பலை அள்ளினால் தீ அணையுமா? 2024-இல் அந்நிறுவனமே அம்மருந்தைக் கைவிட்டது.

அடுத்து வந்தது லெக்கனெமாப். 1,795 நோயாளரிடம் 18 திங்கள் நிகழ்ந்த சோதனையில், நோய் வளரும் வேகத்தை அது நூற்றுக்கு 27 பங்கு குறைத்தது. 2023-இல் அமெரிக்காவில் முழு இசைவு பெற்றது. அதே வழியில் செல்லும் டோனனெமாப் 2024-இல் இசைவு பெற்றது. இருபதாண்டுத் தோல்விக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி இது. அமிலாய்ட் இந்நோயின் காரணங்களில் ஒன்றே என்பதற்கு இது சான்று.

ஆயினும் கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்ப்போம். நோயின் கடுமையை 0 முதல் 18 வரை மதிப்பெண் இட்டு அளந்தனர். மதிப்பெண் ஏற ஏற நோய் கடுமை. வெற்று மருந்து பெற்றவர்க்கு 1.66 ஏறிற்று, உண்மை மருந்து பெற்றவர்க்கு 1.21 ஏறிற்று. வேறுபாடு 0.45. அதனை 1.66-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 27 என வரும். 27 என்பதும் மெய். 18-இல் அரைக்கும் குறைவு என்பதும் மெய். ஒரே முடிவுக்கு இரண்டு முகங்கள். ஒரு முகத்தை மட்டும் காட்டுபவரிடம் மற்ற முகத்தைக் கேட்டு வாங்குங்கள். நோய் மெலிந்ததே அன்றி நிற்கவில்லை. மருந்து பெற்றவருள் நூற்றுக்கு 12.6 பேருக்கு மூளையில் வீக்கம் கண்டது. அவர்களுள் பலருக்கு அதனால் தொல்லை தெரியவில்லை எனினும், அது அஞ்சத்தக்கதே. என் தமக்கையார் நோயின் தொடக்கத்தில் இருந்தபோது இம்மருந்து இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்று பலமுறை எண்ணியதுண்டு. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் இன்னும் சில திங்கள் அவர் நாவில் நின்றிருக்குமாயின், கொடுத்திருப்பேன் என்றே தோன்றுகிறது. அந்த ஆசையைத் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆசை சான்று ஆகாது என்பதையும் நான் மறுக்க முடியாது.

அவ்வாறாயின் நோயின் காரணந்தான் என்ன? தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் மருத்துவர் ஒரு பெருங்குடும்பத்தைப் பல்லாண்டு ஆராய்ந்தார். மரபணுப் பிழையால் அக்குடும்பத்தார் பலர் நாற்பதுகளிலேயே மறதிக்கு ஆளாயினர். அவர்களுள் ஒரு பெண்மணிக்கு மட்டும், அதே பிழை இருந்தும், எழுபது வயதளவும் மறதி அணுகவில்லை. 2019-இல் வெளியான ஆய்வின்படி, அவர் மூளையில் அமிலாய்ட் மிக மிகுதி. டௌ மிகக் குறைவு. வேறொரு மரபணுவின் அரிய மாற்றம் அவரைக் காத்தது போலும். அமிலாய்டுக்கும் டௌவுக்கும் இடையே ஒரு கதவு உண்டு என்பதையும், அக்கதவை மூட இயலும் என்பதையும் அவர் மூளை நமக்கு உணர்த்தியது.

கதவின் காவலர் யார் என்று தேடியவர், மூளையின் துப்புரவு அணுக்களைச் சுட்டினர். அவ்வணுக்களின் ஒரு மரபணுவில் பிழை இருந்தால் நோய் எளிதில் வரும் என்பது 2013-ஐ ஒட்டித் தெரிந்தது. கிருமிகளை ஐயுற்றவர் ரூத் இட்சாக்கி போன்றோர். நீண்டகாலம் அவர்களைப் பலர் பொருட்படுத்தவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில், 1933 செப்டம்பர் 2-ஆம் நாளிலும் அதன் பின்னும் பிறந்தவர்க்கே அக்கித் தடுப்பூசி என்று ஒரு விதி இருந்தது. ஒருவாரம் முந்திப் பிறந்தவர்க்கும் பிந்திப் பிறந்தவர்க்கும் வேறு என்ன வேற்றுமை இருக்கமுடியும்? 2025-இல் வெளியான ஆய்வு, தடுப்பூசி பெற்றவர்களிடையே ஏழாண்டுகளில் மறதி நோய்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன என்று காட்டியது. கிருமியே காரணம் என்று இதனால் முடிவு கட்டலாகாது. மூடியிருந்த ஒரு பாதை மீண்டும் திறந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

இவை அனைத்தையும் எண்ணும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு வீடு எரிய வேண்டுமானால் தீப்பொறி வேண்டும், வைக்கோல் வேண்டும், காற்றும் வேண்டும். அமிலாய்ட் பொறியாக இருக்கலாம். டௌ வைக்கோலைப் பற்றிய தீயாக இருக்கலாம். அழற்சியும் இரத்தக் குழாய்க் கேடும் காற்றாக இருக்கலாம். ஒரு குற்றவாளியையே தேடிய வழக்கில் பலர் கூடிச் செய்த குற்றத்தைக் காண்கிறோம். மருந்து ஆராய்ச்சியும் இன்று அவ்வழியே பல கிளைகளாகப் பிரிந்து செல்கிறது.

மருந்துக்குக் காத்திருக்கும் காலத்திலும் நாம் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. ‘லான்செட்’ இதழ் அமைத்த அறிஞர் குழு 2024-இல், மாற்றக்கூடிய 14 ஏதுக்களைத் தொகுத்து, அவற்றை நீக்கினால் உலகின் மறதி நோய்களுள் நூற்றுக்கு 45 பங்கினைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று கணித்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம், கவனியாது விட்ட செவிட்டுத்தன்மை ஆகியவை அவற்றுட் சில. இளமையில் கல்வி குறைவதும் அவற்றுள் ஒன்று. இந்தியாவில் 60 வயது கடந்தவருள் ஏறக்குறைய 88 இலட்சம் பேர் இந்நோய்களோடு வாழ்கிறார்கள் என 2023-இல் மதிப்பிடப்பட்டது. பள்ளிக்கு அனுப்பப்படாத ஒரு சிறுமிக்கு நாம் இழைக்கும் தீங்கு, அறுபது ஆண்டு கழித்தும் அவளைத் தேடி வருகிறது. என் தமக்கையார் என்னைப் படிக்க வைப்பதற்காக ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

மாணவர்களே, அமிலாய்ட் சாம்பலா தீயா என்று நீங்கள் கேட்கலாம். இன்று எனக்குத் தெரிந்த விடை இது: அது வெறுஞ்சாம்பல் அன்று, அதுவே முழுத்தீயும் அன்று. அன்று வகுப்பில் நான் கூறிய கருத்து முற்றும் பொய் இல்லை. அதனை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகக் கூறியதும், கேட்டவனை அமரச் சொன்னதுமே என் பிழை. ஓர் ஊகத்தைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு உறுதியாகப் பற்றுங்கள். சான்று மாறினால் விட்டுவிடும் அளவுக்கு நெகிழ்வாகவும் பற்றுங்கள். உங்களுள் ஒருவர் இவ்வழக்கின் தீர்ப்பை எழுதக்கூடும்.

அந்த மாணவனின் பெயரை நினைவுபடுத்திக்கொள்ளப் பலநாள் முயன்றேன், வரவில்லை. மறதியைப் பற்றிப் பேச வந்தவன், நினைவில் கொள்ளத்தக்க ஒரு பெயரை மறந்துவிட்டேன். மூன்றாம் வரிசையும் சன்னலும் அவன் குரலும் நினைவில் உள்ளன. இப்பேச்சை அவன் எங்கிருந்தேனும் கேட்பானாயின், முப்பது ஆண்டுகள் தாமதமாக வந்த விடை என்று ஏற்றுக்கொள்வானாக.